“இதுதான் நான்” என்று தம்பி அனுப்பிய தொடர்

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு 25 வயது. இன்ஜினியரிங் முடித்துவிட்டு சென்னையில் எட்டு மாதம் வேலை பார்த்தான். தீபாவளிக்கு ஈரோட்டுக்கு வந்தவன் திரும்பிப் போகவே இல்லை. 14 மாதம் ஆகிவிட்டது. மாடி அறையை விட்டு இறங்குவதே அபூர்வம். பகலெல்லாம் தூக்கம், ராத்திரி முழுக்க லேப்டாப். அம்மா சாப்பாட்டுத் தட்டை அறை வாசலில் வைத்துவிட்டு வருகிறார். நான் கல்யாணமாகிக் கோவையில் இருக்கிறேன். போன மாதம் ராத்திரி இரண்டரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பி, “அக்கா, முடிஞ்சா இதப் பாரு. இதுதான் நான்” என்று எழுதியிருந்தான். ‘வெல்கம் டு தி என்.எச்.கே.’ என்ற ஜப்பானிய அனிமே தொடர். 24 எபிசோடும் பார்த்துவிட்டேன். நடுவில் சில பேர் சாவதற்காக ஒரு தீவுக்குப் போவார்கள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இதையெல்லாம் பார்த்துத்தான் இவன் இப்படி ஆனானா? “நெட்டைக் கட் பண்ணு, நாலு நாள் சோறு போடாதே, தானா இறங்கி வருவான்” என்கிறார் அப்பா. கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் பெரியம்மா. அந்தக் கதையிலும் ஒரு பெண் வந்துதானே அவனை மாற்றுகிறாள்? நான் அவனுக்கு இன்னும் பதில் போடவில்லை. என்ன எழுதுவதென்றே தெரியவில்லை.

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்தத் தீவிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கதாநாயகன் சாதோ தட்சுஹிரோவுக்கு அங்கே எதற்காகப் போகிறோம் என்பதே தெரியாது. பள்ளியில் தனக்கு மூத்தவளான ஹிதோமி கூப்பிட்டதால் போகிறான். கூட வந்தவர்கள் சாக வந்தவர்கள் என்பது போன பிறகுதான் தெரிகிறது. கடைசியில் ஒருவரும் சாவதில்லை, எல்லோரும் திரும்பி வருகிறார்கள். ஆனால் உங்கள் தம்பி “இதுதான் நான்” என்று சொன்னது தொடரின் எந்தப் பகுதியைப் பார்த்து என்று நமக்குத் தெரியாது. அதை அவரிடமே கேட்டுவிடுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். “அந்தத் தீவுக்குப் போனவங்க மாதிரி உனக்கும் எப்பவாவது தோணியிருக்காடா? செத்துடலாம்னு?” என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று எல்லாக் குடும்பங்களும் பயப்படுகின்றன. அப்படி ஆவதில்லை. மனசுக்குள் அடக்கி வைத்திருப்பவருக்கு, யாரோ ஒருவர் பதறாமல் கேட்டதே பெரிய ஆறுதல்.

“ஆமாம்” என்று பதில் வந்தால் “அம்மாவை நினைச்சுப் பாத்தியா?” என்று ஆரம்பிக்காதீர்கள். அது ஏற்கெனவே இருக்கும் குற்ற உணர்ச்சியின் மேல் இன்னொரு கல். “சொன்னது நல்லதுடா, நான் இருக்கேன்” என்பது போதும். அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அதுவரை தனியாக விட வேண்டாம். பூச்சிமருந்து, அப்பாவின் மாத்திரைகள் போன்றவற்றை இப்போதே, பதிலுக்குக் காத்திராமல், பூட்டி வைக்கச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரத்திலும் பேசலாம், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். அவர்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை. ராத்திரி இரண்டரை மணிக்குப் பயம் வந்தால் நீங்களும் கூப்பிடலாம்.

இனி தொடருக்கு வருகிறேன். அது உங்கள் தம்பியைக் கெடுத்தது என்று நான் நினைக்கவில்லை. தன்னைப் போலவே ஒருவனைத் திரையில் பார்த்திருக்கிறார். இதன் மூலக்கதை 2002-இல் வந்த நாவல். எழுதிய தட்சுஹிகோ தாகிமோதோ, தானும் அப்படி அறைக்குள் அடைந்து வாழ்ந்தவர்தான் என்று அவரே எழுதியிருக்கிறார். 2006-இல் அது அனிமே ஆனது. உள்ளே இருந்தவர் எழுதியதாலோ என்னவோ, வெளியே இருப்பவர்கள் பொதுவாகத் தவறவிடும் சில விஷயங்கள் அதில் அப்படியே இருக்கின்றன.

முதல் எபிசோடை நினைத்துப் பாருங்கள். படிப்பைப் பாதியில் விட்டு, நான்கு வருடமாக ஒற்றை அறையில் கிடக்கிற 22 வயதுப் பையன். ஒரு நாள் துணிந்து மாங்கா கஃபேவில் (ஜப்பானியச் சித்திரக்கதைகள் படிக்கும் கடை) பகுதிநேர வேலை கேட்டுக் கிளம்புகிறான். வெளியே கால் வைப்பதற்கே அவன் எவ்வளவு தைரியத்தைத் திரட்ட வேண்டியிருக்கிறது! போய்ச் சேர்ந்தால், கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள் மிசாகி. முன்பு ஒரு நாள் மதப் பிரசுரத்தோடு அவன் வீட்டு வாசலுக்கு வந்து, அவன் உளறிக் கொட்டியதை நேரில் பார்த்த பெண். அவ்வளவுதான். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் ஓடி வந்துவிடுகிறான். அவன் வேலை தேடப் போகவே இல்லை என்றுதான் ஊர் சொல்லும். அவன் போனான். தன்னை மோசமான நிலையில் பார்த்துவிட்ட ஒரு கண் அங்கே இருந்தது, அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. சோம்பேறி என்ற சொல் இங்கே எவ்வளவு தூரம் பிசகிப் போகிறது பாருங்கள்.

இன்னோர் இடம். அம்மா தன்னைப் பார்க்க டோக்கியோவுக்கு வருகிறார் என்றதும் சாதோ ஆடிப்போகிறான். வேலை இருக்கிறது, பழகுகிற பெண் இருக்கிறாள் என்று பொய் மேல் பொய். மிசாகியே அந்தப் பெண்ணாக நடிக்கிறாள். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய், கடைசியில் அம்மா முகத்தைப் பார்ப்பதே பெரும்பாடு. அறைக்கதவை மூட வைக்கிற விசைகளில் இது முக்கியமானது. உங்கள் தம்பி சென்னையில் எட்டு மாதம் வேலை பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எட்டு மாதத்தில் என்ன நடந்தது என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. வேலையை விட்டாரா, விடச் சொன்னார்களா, யாராவது அவமானப்படுத்தினார்களா, அங்கேயும் அறையை விட்டு வராமல் இருந்தாரா? வீட்டில் யாருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். இப்போதே போய்க் கேட்க வேண்டாம். ஆனால் கதையில் அந்த இடம் காலியாக இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்காவது அவரே சொல்ல ஆரம்பித்தால், குறுக்கே பேசாமல் கேட்க வேண்டிய இடம் அது.

தொடரின் தலைப்பில் இருக்கும் என்.எச்.கே. நிஜத்தில் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனம், நம் தூர்தர்ஷன் மாதிரி. சாதோவின் கற்பனையில் அது ‘நிஹோன் ஹிக்கிகோமோரி கியோகாய்’, அதாவது ஜப்பான் ஹிக்கிகோமோரி சங்கம். அறைக்குள் அடைந்து கிடப்பவர்களைத்தான் ஹிக்கிகோமோரி என்கிறார்கள். தன்னைப் போன்றவர்களை உண்டாக்குவதற்கென்றே ஒரு ரகசியச் சதி நடக்கிறது என்று அவன் நம்புகிறான். எனக்கு இது சிரிப்பாகத் தோன்றவில்லை. எதிரி என்று ஒருவன் வெளியே இருந்தால் பாரம் கொஞ்சம் குறையும். இல்லையென்றால் எல்லாப் பழியும் தன் தலையில்தான். 14 மாதமாகத் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, “ஏன்டா இப்படி இருக்க?” என்ற கேள்வி வெளியிலிருந்தும் தினமும் வந்தால் எங்கே ஓடுவார்?

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சாதோவின் அறையில் வீட்டுச் சாமான்கள் அவனிடம் பேசும். தொடரில் அது வேடிக்கையாகக் காட்டப்படுகிறது. உங்கள் தம்பி தனியாக யாருடனோ பேசுகிறார், சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்கிறார், தன்னை யாரோ கண்காணிக்கிறார்கள் என்று நிஜமாகவே நம்புகிறார் என்றால் அது வேறு நோயின் தொடக்கமாக இருக்கலாம். அப்போது ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. சீக்கிரம் மருந்து தொடங்கினால் நன்றாகக் கேட்கும். கோவிலுக்குப் போவதை நான் தடுக்கவில்லை. ஆனால் கோவில், ஜோசியம் என்று ஆறு மாதம் சுற்றிவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது அந்த ஆறு மாதத்தை நினைத்து மனசு வலிக்கிறது.

‘ஹிக்கிகோமோரி’ என்ற சொல்லை நீங்கள் இந்தத் தொடரில்தான் முதலில் கேட்டிருப்பீர்கள். தன்னை உள்ளே இழுத்துக்கொண்டு அடைந்திருத்தல் என்று பொருள். மனநல மருத்துவர் சாய்தோ தமாகி 1998-இல் எழுதிய புத்தகம்தான் இதை ஜப்பானில் எல்லோரும் பேசும் சொல்லாக்கியது. ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை, படிப்பு, வெளியாட்களோடு பழக்கம் எல்லாவற்றையும் விட்டு வீட்டோடு அடைந்திருப்பதை அப்படிச் சொல்கிறார்கள். இது ஒரு நோயின் பெயர் இல்லை, ஒரு நிலையின் பெயர். காய்ச்சல் என்று சொல்வது போல. அடியில் மனச்சோர்வு இருக்கலாம், பிறர் முன்னால் போய் நிற்பதற்கான கடும் பயம் இருக்கலாம், சின்ன வயதிலிருந்து யாரும் கவனிக்காத ஆட்டிசம் இருக்கலாம், கேமிங் அடிமைத்தனம் இருக்கலாம், இவற்றில் எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். ஆகவே அவர் ஹிக்கிகோமோரிதானா என்ற கேள்விக்குக் கடிதத்தை மட்டும் வைத்து நான் பதில் சொல்ல மாட்டேன். அந்த நிலைக்குப் பொருந்துகிறார், அவ்வளவுதான் சொல்ல முடியும். அடியில் என்ன இருக்கிறது என்பதை நேரில் பார்க்கிற மருத்துவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஜப்பான் அரசு 2023-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி அங்கே 15 முதல் 64 வயதுக்குள் சுமார் 14 லட்சத்து 60 ஆயிரம் பேர் இப்படி இருக்கிறார்கள். ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பேர். அதில் நடுத்தர வயதுக்காரர்கள் ஏராளம். 80 வயது அப்பா அம்மா தங்கள் ஓய்வூதியத்தில் 50 வயது மகனைப் பார்த்துக்கொள்வதை அங்கே ‘8050 பிரச்சினை’ என்கிறார்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. தானாகச் சரியாகிவிடும் என்று விட்ட வீடுகளில் பத்து வருடம், இருபது வருடம் சத்தமில்லாமல் ஓடிவிடுகிறது. நீங்கள் 14-வது மாதத்தில் கேட்டிருக்கிறீர்கள். இது நல்ல நேரம்.

அப்பாவின் யோசனைக்கு வருவோம். தொடரும் கிட்டத்தட்ட அவர் பக்கம்தான் பேசுகிறது. சாதோவின் பள்ளித் தோழி மெகுமியின் அண்ணன் அறையை விட்டு வராமல் ஆன்லைன் விளையாட்டில் மூழ்கிக் கிடப்பவன். அவள் சோறு போட முடியாமல் போனதும் பசி பொறுக்காமல் வெளியே வந்து வேலைக்கும் போகிறான். சாதோவும் கடைசியில் அப்படித்தான், வீட்டுப் பணம் நின்று வயிறு காயும்போது வேலைக்குக் கிளம்புகிறான். இந்தத் தொடரோடு எனக்குள்ள பெரிய சண்டையே இதுதான். 24 எபிசோடுக்குள் கதை முடிய வேண்டும், பசி அதற்கு வசதியான வழி. நிஜத்தில், வாழ்வதிலேயே பிடிப்பு விட்டுப்போன ஒருவர் முன்னால் தட்டை எடுத்துவிட்டால் அவர் இறங்கி வருவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சாப்பிடாமலே கிடந்துவிடுவார். “நான் இவர்களுக்கும் வேண்டாதவன்” என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பது உறுதியாகிவிடும். ஜப்பானில் காசு வாங்கிக்கொண்டு, கதவை உடைத்து, இப்படிப்பட்டவர்களை வலுக்கட்டாயமாக இழுத்துப் போகிற நிறுவனங்களே முளைத்தன. இழுத்துப் போகப்பட்டவர்கள் பின்னால் வழக்குப் போடும் அளவுக்கு அது போனது. பிள்ளை வெளியே வந்தான், பெற்றவர்கள் மேலிருந்த நம்பிக்கை போய்விட்டது.

நெட்டைக் கட் பண்ணுவதும் வேண்டாம். அப்பாவிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: அந்த லிங்க் வந்தது அந்த நெட் வழியாகத்தான். 14 மாதத்தில் அவர் வெளியே நீட்டிய ஒரே கை அது.

அப்பாவைக் குற்றம் சொல்லவில்லை. மகனைப் படிக்க வைத்து, வேலைக்கு அனுப்பி, நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, இப்போது “பையன் என்ன பண்றான்?” என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றுகிற மனிதரின் வேதனை கோபமாகத்தான் வரும். அவரிடமும் யாராவது உட்கார்ந்து பேச வேண்டும்.

கல்யாணப் பேச்சு பற்றி. பெரியம்மா அந்தத் தொடரைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் ‘ஒரு பெண் வந்தால் சரியாகிவிடும்’ என்பது அவருடைய மிசாகி. நீங்கள் அந்தப் பெண்ணைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் போட்டு, ராத்திரி பூங்காவுக்கு வரச் சொல்லி, புத்தகங்களைப் பார்த்துப் பாடம் நடத்துகிறாள். ஏன் இவனைத் தேர்ந்தெடுத்தாள் என்பது கடைசியில்தான் தெரிகிறது. அம்மாவை இழந்தவள், மாற்றாந்தந்தையிடம் அடிபட்டவள், தன்னைவிடக் கீழே ஒருவன் இருந்தால்தான் தனக்கு மதிப்பு என்று நம்புகிறவள். அவள் மருத்துவர் கிடையாது, அவளும் காயம்பட்டவள். உதவி செய்யப் போன அவளே கடைசியில் சாவின் விளிம்புவரை போகிறாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு எப்படியோ நிற்கிறார்கள், அதைத் தொடர் நேர்மையாகவே காட்டுகிறது. அந்தப் பெண் வந்ததால் இவன் குணமானான் என்று அது சொல்லவில்லை. அறையை விட்டு வர முடியாத ஒருவருக்கு, விவரம் சொல்லாமல் ஒரு பெண்ணைக் கட்டி வைத்தால் இரண்டு பேர் வாழ்க்கை அந்த அறைக்குள் மாட்டிக்கொள்ளும். பெரியம்மாவிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். நீங்களும் மிசாகி ஆகப் பார்க்காதீர்கள். கோவையில் உங்களுக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. தம்பியை நான் ஒருத்தியே காப்பாற்றிவிடுவேன் என்று கிளம்பினால் ஆறு மாதத்தில் நீங்கள் தளர்ந்துபோவீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? தம்பி மருத்துவரிடம் வரமாட்டேன் என்பார். பரவாயில்லை, முதலில் அப்பாவும் அம்மாவும் போகட்டும். ஜப்பானிலும் சிகிச்சை பெரும்பாலும் பெற்றோரிடமிருந்துதான் தொடங்குகிறது. அங்கே பெற்றோர்கள் சேர்ந்து நடத்தும் சங்கங்களே இருக்கின்றன. வீட்டில் பேசும் விதம் மாறினால் உள்ளே இருப்பவர் மெல்ல அசைகிறார், பிறகுதான் அவருக்கான சிகிச்சை, அப்புறம் நாலு பேரோடு பழகுவது, வேலை எல்லாவற்றுக்கும் கடைசியில். உங்கள் மாவட்டத்து அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேட்டுப் போங்கள். “நோயாளி வரவில்லை, நாங்கள்தான் பேச வந்தோம்” என்று சொன்னால் போதும்.

வீட்டில் முதலில் வேலைப் பேச்சை நிறுத்துங்கள். மூன்று மாதத்துக்கு வேலை, வயது, பக்கத்து வீட்டுப் பையன் எதுவும் வேண்டாம். உறவினர்கள் வந்தால் மாடிக்குக் கூட்டிப் போய்க் காட்ட வேண்டாம். தட்டை வைக்கும்போது அம்மா ஒரு வரி சொல்லட்டும்: “இன்னைக்கு உனக்குப் பிடிச்ச கத்தரிக்காய் குழம்புடா.” கேள்வியாக இல்லாத ஒரு வரி. கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், இதற்கு வேண்டாம். என்னிடம் வந்த ஒரு தாய் இப்படித்தான் செய்தார். ஐந்து வாரம் உள்ளேயிருந்து சத்தமே இல்லை. ஆறாவது வாரம், வழக்கமாக அப்படியே வாசலில் கிடக்கும் எச்சில் தட்டைக் கழுவி வெளியே வைத்திருந்தான் பையன். அந்தத் தட்டைத் துடைக்காமல் அப்படியே என்னிடம் கொண்டுவந்து காட்டினார். இன்னும் ஈரமாக இருந்தது. அவர் முகத்தை நான் மறக்க மாட்டேன். அந்த மாதிரிச் சின்ன அசைவுகளைத்தான் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்த்ததும் “ஆஹா, மாறிட்டான்!” என்று கொண்டாடவும் கூடாது. அப்படிச் செய்தால் மறுநாள் கதவு இன்னும் இறுக்கமாக மூடும்.

இப்போது நீங்கள் எழுத வேண்டிய பதில். ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று கூச்சப்பட வேண்டாம், அதையும் சேர்த்தே எழுதுங்கள். ராத்திரி, அவர் விழித்திருக்கிற நேரத்தில் அனுப்புங்கள்.

“டேய், 24 எபிசோடும் பாத்துட்டேன். உடனே பதில் போடத் தெரியல, சாரிடா. முதல் எபிசோட்ல அவன் வேலை கேக்கப் போயிட்டு ஓடி வருவான்ல, அத ரெண்டு தடவ பாத்தேன். அனுப்புனதுக்கு தேங்க்ஸ். உனக்கு எந்த எபிசோட் ரொம்பப் பிடிச்சது?”

இதில் அறிவுரை எதுவும் இல்லை, கவனித்தீர்களா? தீவைப் பற்றிய கேள்வியைத் தனியாக, முடிந்தால் குரலில் கேளுங்கள். அதற்காகப் பேச்சு நன்றாக வளரட்டும் என்று நாள் கணக்கில் காத்திருக்க வேண்டாம், இந்த வாரத்துக்குள் கேட்டுவிடுங்கள். பதிலே வராவிட்டால் சனிக்கிழமை ஈரோட்டுக்குப் போய் மாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேளுங்கள். முதல் மெசேஜுக்கு நீல டிக் மட்டும் விழுந்து பதில் வராமல் இருந்தால் மனம் தளராதீர்கள், அவர் படித்திருக்கிறார். மூன்று நாள் கழித்து, சும்மா, உங்கள் வீட்டு மொட்டைமாடியில் இருந்து ஒரு போட்டோ அனுப்புங்கள்.

அப்பாவும் அம்மாவும் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.